சுண்ணாம்பு அடித்த திரை

உலகத்தில் இருக்கும் ஒரு இணையதளம்கூட சுண்ணாம்புக்குப் பிடித்ததில்லை. மதுராந்தகத்து அரிசிக் கிடங்கு அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவன். புதுப்பட்டினத்துக்காரன். எந்தத் தளத்தைத் திறந்தாலும், "இன்னா மச்சான், கல்யாண மண்டப வாசல் மாதிரி மினுக்கினு கீது!" என்று முகம் சுளிப்பான். உடனே தன் பிரவுசரில், பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் நாலு வரி நிரல் எழுதுவான். விளம்பரம் மறையும், எழுத்து பெரிதாகும். தளம் இருந்தபடியே இருக்கும், அவன் கண்ணுக்கு மட்டும் வெள்ளையடித்த வீடு. சுண்ணாம்பு என்ற பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

ஒருமுறை வருகைப் பதிவுத் தளத்தில் 'தாமதம்' என்ற பட்டை கண்ணை உறுத்துகிறது என்று மறைத்துவிட்டு, நிம்மதியாகத் தாமதமாகவே வந்துகொண்டிருந்தான். மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏன்யா, தினமும் லேட்டா?"

"என் ஸ்கிரீன்ல அப்டி ஒண்ணியும் இல்லியே சார்!"

"என் ஸ்கிரீன்ல இருக்குய்யா!"

"அப்போ உங்களுக்கும் எடுத்துவுட்டுறவா சார்?"

என் தொல்லை வேறு. லாரி அனுப்பும் தளத்தில் பச்சை வட்டம் இருந்தால் லோடு போகலாம், சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். எனக்குப் பிறவியிலிருந்தே இரண்டும் ஒரே சாணி நிறம். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து குத்துமதிப்பாக ஓட்டினேன். நிறுத்த வேண்டிய லாரி ஒன்று திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தது.

"இன்னொரு வண்டி இப்படிப் போச்சுன்னா, நீயும் அதுலயே ஏறிப் போயிடு" என்றார் மேனேஜர். அப்போதுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

சுண்ணாம்பு வந்து என் திரையில் ஒரு வட்டத்தைத் தொட்டான். "இது இன்னா கலரு?"

"நல்ல கலர்தான்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தான். டீ வருவதற்குள் வட்டங்களுக்கு வாய் முளைத்துவிட்டது. பச்சைக்குப் பக்கத்தில் 'போவட்டும்'. சிவப்புக்குப் பக்கத்தில் 'வுடாத மச்சான்'.

மறுநாள் முழுக்க மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ஒரு வண்டிகூடத் தப்பாகப் போகவில்லை. குனிந்து திரையைப் படித்தார். உண்மையைச் சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கத்தியவர், சுண்ணாம்பு பக்கம் திரும்பினார். "எனக்கும் இதே மாதிரி போட்டுக் குடுய்யா. மச்சான் மட்டும் வேணாம்."

சுண்ணாம்பு இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். போன மாதம் லாரித் தளத்தைப் புதுப்பித்தார்கள். அவன் எழுதிய சொற்கள் என் திரையிலிருந்து காணாமல் போயின. பக்கத்து நாற்காலி மறுபடியும் காலியானது போல வருத்தமாக இருந்தது. புதுப் பக்கத்தைச் சேமித்து அவனுக்கு அனுப்பினேன். சாயங்காலமே புது வரிகள் வந்துவிட்டன. கேட்காமலேயே ஒன்றைச் சேர்த்திருந்தான். காலையில் தளத்தைத் திறந்ததும் உச்சியில் நிற்கிறது: 'நாஸ்தா ஆச்சா மச்சான்?'

"ஆச்சுடா" என்று தினமும் பதில் சொல்லிவிட்டுத்தான் முதல் லாரியை அனுப்புகிறேன்.