வெள்ளை வேன் வாக்குமூல விழா

மெங்குடு தோட்டத்தில் ஒரே வீட்டில் மூன்று பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். காளியம்மாவின் மகள் மோகனா, மருமகன் கிஷன், கிஷனின் அப்பா. சவங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரும் முன்பே நீதி கேட்டு ஒரு நடவடிக்கைக் குழு அமைக்கப்பட்டது. கொலைகாரனைத்தான் தேட வேண்டியிருந்ததே தவிர, குழுவுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தலைவர், துணைத்தலைவர், அந்தத் துணைத்தலைவரோடு பேசாதவர்களுக்காக இன்னொரு துணைத்தலைவர், செயலாளர், ஆலோசகர்கள் என்று பந்தலிலேயே பதவிகள் நிரம்பிவிட்டன. பக்கத்துச் செலண்டார் டவுனில் டயர் கடை வைத்திருக்கும் கணேஸ்வரன் தலைவரானார். அதற்கு அவரிடம் ஒரு தகுதி இருந்தது. கொலை நடந்த இரவில் அந்த வீட்டுப் பக்கம் போன வெள்ளை வேனைப் பார்த்தவர் அவர்.

ஆண்டுகள் போயின. கொலைகாரன் கிடைக்கவில்லை. அதற்காகக் குழுவைக் குறை சொல்ல முடியாது. வருடம் தவறாமல் அஞ்சலிக் கூட்டம் நடந்தது, மெழுகுவர்த்தி ஊர்வலம் நடந்தது, கறுப்பு டி-சட்டை அடிக்கப்பட்டது. முதல் வருடச் சட்டையில் இறந்தவர்களின் முகங்கள் இருந்தன. மறுவருடம் முகங்களுக்குப் பக்கத்தில் வெள்ளை வேன் வந்து நின்றது. இப்போது வேன் மட்டும்தான். துவைத்தால் முகம் கலைந்துபோகிறது, வேன் கலைவதில்லை என்று அச்சகத்தார் சொன்னார். குழு அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

நாகரிகமும் சும்மா இருக்கவில்லை. கொலைக்கதை சொல்வது இப்போதைய மோஸ்தர். தோட்டத்துப் பெண் ராகினி முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டே டிக்டாக்கில் இந்த வழக்கை அலசினாள். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், எந்த இடத்தில் லிப்ஸ்டிக் போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேன் வரும் கட்டத்தில் பின்னணியில் வயலின் ஒலிக்கும்.

இப்படி எல்லாம் சீராக நடந்துகொண்டிருந்தபோதுதான் காளியம்மா ஒருநாள் டயர் கடைக்கு வந்தார். அவருக்குப் பக்கத்து டோபிக் கடையில் வேலை. ரோட்டைப் பார்த்த முன்வாசலில் நின்று துணி மடிப்பார்.

“கணேசு தம்பி, போலீஸ் பாலாய்ல இருந்து கூப்பிட்டாங்க. புதுசா வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் பேசுனாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள புதுசா யாராச்சும் வாக்குமூலம் குடுக்காட்டி பைலை மூடிருவாங்களாம்.”

“மூடிருவாங்களா? எப்படிலா மூடுவாங்க? அடுத்த மாசம் நம்ம அஞ்சலிக் கூட்டம் இருக்கே!”

ரோட்டில் ஒரு வெள்ளை வேன் சிக்னலுக்கு நின்றது. காளியம்மா பாதிப் பேச்சில் எழுந்து, வாசல்வரை போய், குனிந்து டிரைவர் முகத்தைப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். வேன் போனதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“மூடிட்டா அப்புறம் அவன் நிம்மதியா சோறு திம்பான் தம்பி. எனக்கு யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

கணேஸ்வரனுக்கு என்னவோ போல் இருந்தது. அந்த என்னவோவை ஆராய அவர் விரும்பவில்லை. உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டத்தில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. சம்பவத்தின்போது போலீஸ் வீடு வீடாக வந்து கேட்டதற்குத் தோட்டமே ஒரே குரலில், “டிவி பாத்துக்கிட்டு இருந்தோம், ஒண்ணும் தெரியாது” என்று சொல்லியிருந்தது. அதே தோட்டம் மறுநாள் ஒட்டுக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே முழுக் கதையையும் பேசியிருந்தது. போலீசுக்குச் சொல்வது வேறு, ஒட்டுக்கடையில் சொல்வது வேறு. இரண்டையும் கலப்பது நம் பண்பாட்டில் இல்லை.

“இப்ப போயி சொல்லலாமே?” என்றார் கணேஸ்வரன்.

“பாலாய்க்கா? நம்ம மோட்டாரு சைக்கிளு அங்க நிக்கிறத எவனாச்சும் பாத்தா என்ன நினைப்பான்?” என்றார் முதல் துணைத்தலைவர்.

“எம்மவளுக்கு இப்பதான் மஸ்ஜித் தானாவுல இருந்து மாப்பிள பாத்துட்டுப் போயிருக்காங்க” என்றார் இரண்டாம் துணைத்தலைவர். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ரப்பர்ப் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து தோட்டத்தில் இருக்கும் வீரமுத்து, வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, மூடிக்கொண்டார். அவர் எப்போதுமே அப்படித்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கணேஸ்வரன் யோசித்தார். ஆள் பாலாய்க்குப் போகாது. ஆனால் கெனோப்பி கூடாரம் போட்டு, மைக் வைத்து, வாழை இலையில் சோறு போட்டால் எங்கே வேண்டுமானாலும் வரும். ஆகவே மெங்குடு தோட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய மண்டபத்தில் மாபெரும் வாக்குமூல விழா நடத்துவதென்று தீர்மானம் நிறைவேறியது. கொலை சம்பந்தப்பட்டது என்பதால் சாப்பாடு சைவமாக இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், கோயில் மண்டபம் என்பதால் சைவமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. இறுதியில் சைவம் என்று சமரசமாயிற்று.

புது இன்ஸ்பெக்டர் திருக்குமரன் சிலோன்காரக் குடும்பம். சிரம்பானில் வளர்ந்தவர். விழா என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வாக்குமூலம் எடுக்க எதுக்கு ஐயா விழா?”

“எங்க ஆளுங்க விழான்னாதான் சார் வருவாங்க. உண்மை வேணுமா வேணாமா உங்களுக்கு?”

உண்மை வேண்டும் என்றார் அவர். ஆனால் இத்தனை பேர் கூடும் கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி தேவை. ஏற்பாட்டாளர் போலீஸ்தான் என்று கணேஸ்வரன் சொன்னதால், திருக்குமரன் தன் பாலாய்க்குத் தானே விண்ணப்பம் எழுதினார். ஆவணம் போதவில்லை என்று அவரே அதைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை அவருக்குக் கிடைத்தது.

விழா நாளில் மண்டபம் நிறைந்தது. பேனரில் தலைவர் கணேஸ்வரனின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. அவருக்குப் பின்னால் வேன். மூலையில், அஞ்சல்தலை அளவுக்கு, மோகனாவும் கிஷனும் கிஷனின் அப்பாவும். தேவாரம் பாடினார்கள். சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. வரவில்லை. அவருடைய உதவியாளர் அனுப்பிய ஒருவர் வந்து, இப்படிப்பட்ட விழாக்கள் நம் சமுதாயத்தில் பெருக வேண்டும் என்று வாழ்த்தினார். இன்ஸ்பெக்டருக்கு மாலை போட்டார்கள். பிறகு எண் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கே சாப்பாட்டு டோக்கன் என்பதால் ஒருவரும் தவறவில்லை.

திருக்குமரன் முதலில் உற்சாகமாக இருந்தார். எல்லாரும் வெள்ளை வேனைச் சொன்னார்கள். வேனின் பின்கதவு நெளிந்திருந்தது என்றார்கள், நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை என்றார்கள். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒவ்வொருவரிடமும் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்கள் கண்ணால பார்த்தனீங்களோ?”

“நான் பாக்கல சார். ராகினி சொன்னுச்சி.”

ராகினி வந்தாள். “நான் என் சேனல்ல சொன்னது ஃபேக்ட் சார். துணைத்தலைவர் அங்கிள் சொன்னாரு.”

துணைத்தலைவர் வந்தார். “தலைவரு சொன்னாரு சார்.”

இன்னொரு துணைத்தலைவரும், “தலைவருதான்” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற வீரமுத்து ஏதோ முணுமுணுத்தார். கேட்டதற்கு, “வேன்தான் சார், எல்லாரும் சொல்ற வேன்தான்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டோக்கனோடு இறங்கினார்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் கணேஸ்வரனை உட்காரச் சொன்னார்.

“நான் தலைவரு சார். நன்றியுரை எனக்கு இருக்கு.”

“நன்றியுரைக்கு முன்னம் ஒரு கேள்வி. வேன் எந்தப் பக்கமிருந்து வந்தது?”

கணேஸ்வரன் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார். எத்தனையோ மேடையில் சொன்ன கதை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார். அப்போது முன்வரிசையில் காளியம்மாவைப் பார்த்தார். மண்டபத்து வாசல் வழியாக ரோடு தெரிந்தது. ஏதோ ஒரு வண்டியின் சத்தம் கேட்டு அந்த அம்மாளின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. பச்சை லாரி. கழுத்து மறுபடி இந்தப் பக்கம் வந்தது.

கணேஸ்வரனுக்கு வேனின் முதல் நாள் நினைவுக்கு வந்தது. அன்று காலை, பிணங்களைக் கண்டெடுத்த செய்தி பரவி ஒட்டுக்கடையில் கூட்டம் கூடியபோது, ஆளாளுக்கு ஏதோ வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டில் நாய் ஊளையிட்டிருந்தது. ஒருவருக்குக் கண் துடித்திருந்தது. கணேஸ்வரன் மட்டும் இருமல் மருந்து குடித்துவிட்டு அசந்து தூங்கியிருந்தார். “நீ என்னண்ணே பாத்த?” என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்று பேர், ஒன்றுமே பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மானக்கேடாக இருந்தது. வெள்ளை வேன் ஒன்று போன மாதிரி இருந்துச்சி என்று சொல்லிவைத்தார். மறுநாள் ‘போன மாதிரி’ என்பது ‘போனது’ ஆயிற்று. அதற்கடுத்த நாள் அதன் பின்கதவு நெளிந்தது. டயர் கடைக்காரர் அல்லவா, வண்டி விவரத்துக்கா பஞ்சம்?

“வேன் எதுவும் வரல சார்” என்றார் கணேஸ்வரன். “நான் தூங்கிட்டேன். சும்மா சொன்னேன்.”

எண் கூப்பிடும் மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

பிறகு முதல் துணைத்தலைவர் எழுந்தார். “தலைவரை மிரட்டிட்டானுங்கடா!”

“யாரோ பெரிய கை இருக்கு இதுக்குப் பின்னால!” என்றார் இரண்டாமவர்.

ராகினி போனைத் தூக்கி லைவ் போனாள். “கைஸ், எதிர்பார்க்காத திருப்பம். தலைவர் அங்கிளோட கண்ணைப் பாருங்க, எவ்ளோ பயம்!” வேனை மறைக்கப் பார்க்கும் சதியை முறியடிக்க, அங்கேயே, இலையைக்கூட எடுக்காமல், வெள்ளை வேன் உரிமைப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் பதவி காலியாகிவிட்டதால் இரண்டு துணைத்தலைவர்களும் போட்டியிட்டார்கள்.

திருக்குமரன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். நெடுநேரம் “யெஸ் சார்” சொன்னார். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“கணேஸ்வரன், உங்கட வாக்குமூலத்தை ஏற்க முடியாதாம். இத்தனை பேர் ஒரே மாதிரி வேன் எண்டு சொல்லியிருக்கினம். நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை எண்டு சொல்றீங்கள். நம்பகமற்ற சாட்சி எண்டு போடச் சொல்லிவிட்டார்.”

“சார், அவங்களுக்கு வேனைச் சொன்னதே நான்தானே!”

“அதைத்தான் நானும் சொன்னனான். அப்ப நீங்கள் முதலே பொய் சொல்லக்கூடிய ஆள் எண்டு உறுதியாகுது, இப்ப சொல்றதை எப்படி நம்புறது எண்டு கேட்கிறார்.” கண்ணாடியைத் துடைத்தார். “ஒரு நல்ல சேதி. பைல் மூடப்படாது. வேன் கிடைக்கும்வரை தேடச் சொல்லி உத்தரவு.”

கூட்டம் கைதட்டியது. வழக்கு உயிர்பெற்றுவிட்டது. விழா வெற்றி. யாரோ ஒருவர், பழைய தலைவர் என்றாலும் மரியாதை மரியாதைதான் என்று, இன்ஸ்பெக்டர் கழற்றி வைத்த மாலையைக் கணேஸ்வரன் கழுத்தில் போட்டுவிட்டார்.

அந்த மாலையோடு அவர் காளியம்மா முன்னால் போய் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

“இத்தன வருசமா ரோட்டுல போற ஒவ்வொரு வேனையும் எட்டி எட்டிப் பாத்தேனே தம்பி” என்றார் காளியம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

அப்போது வீரமுத்து இருவரிடமும் வந்தார். இலையில் வைத்த வடையைக் கையில் வைத்திருந்தார்.

“அண்ணே, வேன் இல்லைன்னியே, மெய்யாலுமா?”

“மெய்தான்யா.”

“அப்படின்னா நான் பாத்தது சரிதான் போல. அன்னைக்கு ராத்திரி ஒரு ஆளு மோகனா வீட்டுப் பின்பக்கத் தண்ணிக் காணோரமா நடந்து போனான். கால்சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சி. நம்ம தோட்டத்து ஆளுதான், எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம். நீங்கள்லாம் வேன், வேன்னு சொன்னீங்க. சரி, நமக்குத்தான் கண்ணு சரியில்லன்னு விட்டுட்டேன்.”

காளியம்மா அவர் கையைப் பிடித்தார். வடை கீழே விழுந்தது. “யாருய்யா? யாரு அது?”

வீரமுத்து கண்ணை மூடினார். நெற்றியைச் சுருக்கினார். உண்மையாகவே முயன்றார், அதில் குறை சொல்ல முடியாது. மண்டபத்தில் புதுத்தலைவருக்குக் கைதட்டும் சத்தம் கேட்டது.

“வர மாட்டேங்குதுக்கா” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. “கண்ண மூடுனா வேன்தான் வருது. பின்கதவு நெளிஞ்சிருக்கு.”

நாற்காலிகளை ஏற்றிப் போக வாடகைக் கடையிலிருந்து வண்டி வந்து வாசலில் நின்றது. வெள்ளை வேன். கணேஸ்வரன் காளியம்மாவைப் பார்த்தார். வேன் எதுவும் வரவில்லை என்று அவர் சொன்னதை இப்போது அந்த மண்டபத்தில் முழுசாக நம்புகிற ஒரே ஆள் அந்த அம்மாள்தான். ஆனாலும் காளியம்மா மெதுவாக எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து, முதலில் டிரைவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னால் போய், நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.