அபூதாஹிரின் கையில் கரண்ட்

"நானா, இது கையா, ஐஸில போட்ட பாரை மீனா?"

நரம்புச் சோதனை அறையில், தொட்ட கையைச் சட்டென்று விட்டாள் கஜந்தினி மிஸ்.

அவள் அண்ணன் முறையில் நானா என்றழைத்த அபூதாஹிர் தலையைக் குனிந்துகொண்டார். திருகோணமலைத் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவர். மூன்று மாதமாக வலக்கைப் பிடி தளர்ந்து, ஸ்பேனர் நழுவி விழுகிறது. அவருடைய காக்காவுக்கும், கூடப்பிறந்த மூத்தவருக்கும், விரலில்தான் தொடங்கியது. ஒன்றரை வருடத்தில் ஆள் மௌத்தாகி, அடக்கமும் செய்தாயிற்று.

நரம்பில் கரண்ட் வைத்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதும், விறைத்த கை நோகாது என்று காலையிலேயே மீன் பெட்டிக்குள் கையைப் புதைத்து வைத்திருந்தார்.

"கை குளிர்ந்திருந்தா, இல்லாத நோயையும் இருக்கெண்டு காட்டும். சுடுதண்ணியில வச்சுக்கொண்டு வாங்கோ."

வைத்தார். கை சூடேறியதும் பயமும் ஏறியது. எண்ணெயில் கரண்ட் ஓடாது என்று எஞ்சின்காரருக்குத் தெரியாதா? வெளியே காத்திருந்த மனைவி ஸல்ஹாவின் பையிலிருந்த தேங்காய் எண்ணெயை முழங்கை வரை பூசிக்கொண்டு உள்ளே போனார்.

ஒட்டிய கம்பி வழுக்கி விழுந்தது.

"ஐயோ நானா! இப்பிடி இருந்தா கரண்டைக் கூட்டியெல்லோ வைக்கவேணும்!"

கூட்டியா? அபூதாஹிர் ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு வந்தார்.

"எனக்கு ஏலாது புள்ள. ஊட்டுக்குப் போவம்."

ஸல்ஹா வழியை மறித்தாள். "தெரியாமப் பயப்படுறத்த விட, தெரிஞ்சிட்டுப் பயப்படுவம். வாங்க, முதல்ல நான் இரிக்கன்."

அவளே கதிரையில் அமர்ந்து கையை நீட்டினாள். கஜந்தினி கரண்ட் வைத்தாள். விரல் துள்ளியது.

"எறும்பு கடிச்ச மாதிரித்தான்!" ஸல்ஹா சிரித்தாள்.

கஜந்தினி திரையைப் பார்த்தாள். கம்பியை மாற்றி ஒட்டி மறுபடி வைத்தாள். மற்றக் கையிலும் வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்து, "டொக்டர், ஒருக்கா வாங்கோ," என்றாள்.

டொக்டரா? என் கூத்துத் தாங்காமல்தான் கூப்பிடுகிறாள் என்று அபூதாஹிர் நினைத்தார். ஓடிப்போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸல்ஹாவைப் பக்கத்துக் கதிரைக்கு மாற்றி, நல்ல பிள்ளையாக அவள் இடத்தில் அமர்ந்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு "யா அல்லாஹ்". முப்பது வரை எண்ணியவர் பிறகு கணக்கை விட்டுவிட்டார்.

டொக்டர் வந்து அவருடைய நோய்க் குறிப்பையும் திரையையும் பார்த்தார். "முழங்கையை எஞ்சினில ஊண்டி வேலை செய்யிறியள் போல. அதில நரம்பு நெரிபடுது. சுகமாக்கலாம். காக்காவுக்கு வந்த வருத்தம் உங்களுக்கு இல்ல."

அபூதாஹிர் விம்மிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸல்ஹாவின் கையைப் பிடித்து எழுப்பினார். "வா புள்ள, கிண்ணியா பஸ்ஸைப் பிடிப்பம். டொக்டரையும் வீணா மினக்கெடுத்திட்டன்."

கஜந்தினி மெல்லக் கதவைச் சாத்தினாள்.

"நானா, நான் டொக்டரைக் கூப்பிட்டது இந்த அக்காவின்ர கையைப் பார்க்க."