இரண்டாவது சட்டி யாருடையது

சதுரங்கப்பட்டினம் குப்பம்
1974, ஆவணி ஒன்பது

முட்டுக்காட்டில் இருக்கும் மச்சான் சடையனுக்கு, உன் அக்காள் புருஷன் பூவராகவன் சொல்லி எழுதுவது. இங்கே இருபத்திரண்டு பேரும் சுகம், ஆடு மட்டும் குட்டி போட்டதிலிருந்து சரியாகத் தின்பதில்லை. அங்கே நீயும் தங்கச்சி கல்யாணியும் சுகமாக இருக்கக் கங்கையம்மன் பார்த்துக்கொள்வாள்.

வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருக்க, கல்பாக்கத்தில் கட்டுகிற அணு மின் நிலையத்தில் வேலை பார்க்கும் சம்பத்தைப் பிடித்து எழுதச் சொல்வானேன் என்று கேட்பாய். ஆறு பேரில் நாலு பேர் மேல் எனக்குச் சந்தேகம். மற்ற இரண்டும் அந்த நாலு பேருடைய பிள்ளைகள். நானே பஸ் ஏறி வந்திருப்பேன், ஆனால் நான் அந்தப் பக்கம் போனால் இவர்கள் இந்தப் பக்கம் காரியத்தை முடித்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். நம் வீட்டில் யாரோ தனி அடுப்பு போடப் பார்க்கிறார்கள். போன வாரம் கொல்லையில் யாரோ ஒரு புது மீன் சட்டியில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிப் பழக்க வைத்திருந்தார்கள். பழைய சட்டி உடையவில்லை, விரிசலும் இல்லை, நான் தட்டிப் பார்த்தேன். ஒரு அடுப்புக்கு ஒரு குழம்புச் சட்டி, இரண்டாவதைப் பழக்கினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது மருமகள் சாந்தாவைக் கேட்டேன். "ஊறுற சட்டி ஊறிட்டுப் போவுது, உங்களுக்கு இன்னாத்துக்கு மாமா அந்த பேஜாரு" என்று மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். மூத்தவன் சின்னராசுவைக் கேட்டேன். "எனக்குக் கீற வேலைல சட்டியா பாத்துகினு கீறேன் நைனா" என்றான். அவன் பெண்சாதி வச்சலாவைக் கேட்டால், "நாஸ்தா துன்னீங்களா மாமா" என்கிறாள். சட்டியைக் கேட்டால் நாஸ்தாவைச் சொல்கிறவளை நீயே என்னவென்று நினைத்துக்கொள்.

இந்த வீட்டில் விடிந்தால் ஒருத்தி தண்ணீருக்கு, ஒருத்தி சந்தைக்கு, பிள்ளைகள் ஒரே சீப்புக்கு அடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு, மகன்கள் மூன்று பேரும் வலைக்கு என்று இரைச்சலில் கடல் சத்தமே கேட்காது. இப்போது நான் உள்ளே காலை வைத்தால் கடல் சத்தம் கேட்கிறது. அதோடு குழம்பு. என் தட்டில் விழுவது ஒரு ருசி. பேத்தி தட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன், அது வேறு ருசி. ஒரே வஞ்சிரம் எப்படி மச்சான் ஒரே வேளையில் இரண்டு ருசி ருசிக்கும்?

எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் எதுவும் மறக்காது. உன் அக்காளை நான் பெண் பார்க்க வந்த அன்று நீ மூன்று தரம் சோறு வாங்கியதுகூட நினைவிருக்கிறது. பெரிய புயல் அடித்த வருஷம் என் சித்தி இப்படித்தான் ஒரு சட்டி பழக்கினாள். பதினோராம் நாள் அவர்களுக்குத் தனி அடுப்பு. அடுத்த மாதம் என் அப்பனும் சித்தப்பனும் பெரிய வலையை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பாதியிலும் மீன் விழவில்லை. இப்போது நம் வீட்டு வலையை இழுக்க என் மூன்று மகன்களும் வேண்டும். ஒருத்தன் விலகினால் கூலிக்கு ஆள் வைத்தும் இழுக்க முடியாது.

ஆகவே தாய்மாமன் நீ வந்து நடு வீட்டில் நின்று சொல்ல வேண்டும். இரண்டாவது சட்டி யாருடையதோ, அந்த ஆள் இனிப் பந்தியில் உட்காரக் கூடாது, ஆட்டுக்குப் பக்கத்தில் தனியாகத் தின்னட்டும். இது உன் அக்காள் மேல் ஆணை. யாராக இருந்தாலும் இரக்கம் பார்க்காதே.

அங்கே பெரியவர்களுக்குக் கும்பிடு. பிள்ளைகள் கடலளவு ஆயுசோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
பூவராகவன் (பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: சம்பத்துக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதால் கடிதம் தபாலில் போகவில்லை. அதுவும் நல்லதாயிற்று. நேற்று மத்தியானம் கொல்லைக்குப் போய்ப் பிடித்துவிட்டேன். வச்சலா இரண்டு சட்டியிலும் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு சட்டி?"

"உங்களுதுதான் மாமா."

"எனக்கு இன்னாத்துக்குத் தனிச் சட்டி?"

"ஆடில தல சுத்தி வியுந்தீங்களே, செங்கல்பட்டு டாக்டரு உப்பே ஆவாதுன்ட்டாரு. உங்ககைல சொன்னா கேப்பீங்களா? அதான் நாலஞ்சு நாளா வேற சட்டில உப்பு போடாத ஆக்கறோம்."

நான் விடவில்லை. இந்த வீட்டில் ஒரே சட்டிதான் என்றேன். அவளும் சரி என்று இன்று இருபத்திரண்டு பேருக்கும் உப்பில்லாமலே ஆக்கிவிட்டாள். வலை இழுத்துவிட்டு வந்த மகன்கள் தலையைத் தூக்காமல் தின்றார்கள். பேத்தி மட்டும், "தாத்தா கொயம்பு வோணாம்" என்று அழுதது. அதற்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நானே எழுந்து போய் என் சட்டியை எடுத்து வந்து அடுப்பில் வைத்தேன். ஆணையை மறந்துவிடு. பஞ்சாயத்துக்கு வர வேண்டாம் என்று எழுதத்தான் சம்பத்தைத் திரும்பக் கூப்பிட்டேன்.

ஆனால் மச்சான், என் சட்டியை எடுக்கும்போது பார்த்தேன், விறகுக்குப் பின்னால் இன்னொரு புதுச் சட்டி, அரிசி கழுவின தண்ணீரோடு. யாருடையது என்று கேட்டால், வச்சலா மறுபடி நாஸ்தாவைச் சொல்கிறாள். மேலே எழுதியதை அடிக்க வேண்டாம் என்று சம்பத்திடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது சட்டி என்று வரும் இடத்திலெல்லாம் மூன்றாவது சட்டி என்று படித்துக்கொண்டு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பு.