ஊரார் இதயத்துக்கு ஒரு காவல்காரர்

உங்கள் தட்டை உங்களுக்கு முன்பே பார்த்துவிடுகிற ஒரு மனித வகை உண்டு. நீங்களும் சந்தித்திருப்பீர்கள். விருந்தில் உங்களுக்கு நேர் எதிர் நாற்காலிதான் அவருக்கு அமையும், நீங்கள் வெண்ணெயை எடுத்ததும் தொண்டையைச் செருமுவார், ரொட்டியில் தடவி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோகும்போது, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. சும்மா பாத்துட்டிருந்தேன்" என்பார். அப்புறம் எங்கே சாப்பிடுவது?

இந்த வகையில் பெரும்பாலோர் அரைகுறைகள். ஏதோ ஒரு துணுக்கைப் படித்துவிட்டுக் கிளம்பியவர்கள். நான் சொல்லப்போகிறவர் அசல். கொலஸ்ட்ராலும் இதய நோயும் என்பதிலேயே தலையை நரைக்கவிட்ட ஆராய்ச்சியாளர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் கொழுப்பு மாமா.

அவருடைய ஆய்வகத்தில் குளிர்பெட்டி நிறைய ஊரார் ரத்தம் இருக்கும். குழாய்களில் அடைத்து இயந்திரத்தில் சுழற்றினால் சிவப்பு அடியில் தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சிலருடையது தெளியாது, பால் கலந்த மாதிரி வெளுத்து நிற்கும். அப்படி ஒரு குழாய் கிடைத்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் ஒவ்வொரு மேசையாகக் கொண்டுபோய்க் காட்டுவார்.

எல்லாருக்கும் நல்லது நினைப்பவர்தான். ஆனால் அதைச் சொல்கிற அழகு? மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிய பக்கத்து வீட்டு வக்கீலை நிறுத்தி, உங்களுக்குக் கொழுப்பு அதிகமாகிவிட்டது, உடனே குறைக்க வேண்டும் என்று உள்ளன்போடு சொன்னார். வக்கீல் சட்டைக் கையை மடித்துவிட்டார். மாமாவின் மனைவி ஓடிவந்து, அவர் சொன்னது ரத்தத்தில் இருப்பதை, நடத்தையில் இருப்பதை அல்ல என்று சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

ஆய்வகத்தில் நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. அதற்காகக் காவலாளி முதல் கணக்காளர் வரை எல்லாரும் கை நீட்டியிருக்கிறார்கள். அவர் மட்டும் நீட்டியதில்லை. கேட்டால், ஆராய்கிறவனே ஆராயப்படுகிறவனாகவும் இருந்தால் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பார். எவ்வளவு உயர்ந்த கொள்கை. அதை எதிர்த்துப் பேச யாருக்குப் படிப்பு இருக்கிறது?

அவருக்கு மிகப் பிடித்த ஆராய்ச்சிப் பொருள் மனைவியின் தம்பி. மேசை நாற்காலி விற்கிற கடைக்காரர். தன் கடை நாற்காலியிலேயே இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளக்கூடிய உடம்பு. அந்த மைத்துனர் எப்போது, எந்த நேரத்தில், எந்தக் குழாய் அடைத்துப் போய்ச் சேருவார் என்பதை அவர் குடும்பத்தாரிடம் பலமுறை அன்போடு விளக்கியிருக்கிறார்.

மைத்துனரின் மகளுக்குப் பிறந்தநாள். வீடு மூன்றாவது மாடி. நம்மவர் ஏறி வந்ததும் வராததுமாக ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவென்று மனைவி கேட்டதற்கு, வாய்வு என்றார். ஊரில் வேறு யாருக்காவது அப்படி நெஞ்சு அடைத்திருந்தால் அதற்கு நீளமான பெயர் வைத்திருப்பார். தனக்கு வந்தால் வாய்வு.

கேக் வந்தது. குழந்தை கத்தியை வைத்த நேரத்தில் அவர் எழுந்து, குளிர்பானம் உறிஞ்சுகிற குழல் ஒன்றை எடுத்து, இதுதான் ரத்தக்குழாய் என்று அறிவித்தார். அதற்குள் கேக்கின் கிரீமை விரலால் அடைத்தார். பிறகு இப்போது உறிஞ்சிப் பாருங்கள் என்றார். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். ஆளுக்கொரு குழலை அடைத்து, ஒருவர் மேல் ஒருவர் ஊத ஆரம்பித்தார்கள். கிரீம் வழிகிற சுவருக்கு முன்னால் நின்று அவர் பேசிக்கொண்டே போனார். நெற்றியில் வேர்வை கொட்டியது. மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்றார். இடது கையைத் தடவிக்கொண்டார். பையைத் தூக்கி வந்த வலி என்றார்.

பையைத் தூக்கி வந்தது மனைவி.

மைத்துனர் அவர் கையைப் பிடித்தார். "அத்தான், கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எனக்குத் தெரியாததா மாப்ள?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன், கிளம்புங்க."

காரில் ஏறிய பிறகும் பாடம் நிற்கவில்லை. மாரடைப்பு என்றால் எப்படி இருக்கும், வேர்க்கும், இடது கை வலிக்கும், நோயாளி அதை ஒப்புக்கொள்ளவே மாட்டான், வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு... என்று வந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். பின்னிருக்கையில் அவர் தலையை மடியில் தாங்கியிருந்த மனைவி அழத் தொடங்கியது அப்போதுதான்.

மருத்துவமனையில் இருந்த இளம் டாக்டர் அம்மா அவரிடமே பாடம் கேட்டவர். வேலையைப் பார்த்துக்கொண்டே, கடைசியாக எப்போது கொலஸ்ட்ரால் பார்த்தீர்கள் என்று விசாரித்தார். நம்மவர் தன் ஆய்வில் எத்தனை பேருக்குப் பார்த்தோம் என்று முனகினார். அவர்களுக்கில்லை, உங்களுக்கு என்றார் டாக்டர் அம்மா.

அடைத்த குழாயைத் திறந்து, உள்ளே ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழல் ஒன்றை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மறுநாள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "உலகத்துல எல்லார் ரத்தத்தையும் பாத்தீங்க. உங்களோடத ஏன் பாக்கல?"

அவர் கொஞ்ச நேரம் போர்வையை நீவிக்கொண்டிருந்தார். "அப்பா ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிஞ்சார். நிமிரவே இல்ல. என் உடம்புல ஓடுறதும் அதே ரத்தம்தானே. பாத்தா தெரிஞ்சுடும்னு பயம்."

"தெரியாம இருந்தா வராம இருந்துச்சா?"

எதற்கும் ஒரு மறுமொழி வைத்திருக்கிற மனிதர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஊருக்குச் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பிசகில்லை. பயந்துபோய்ப் பரிசோதித்துக்கொண்ட மைத்துனரின் ரத்தமும் பால் மாதிரிதான் நின்றது. இப்போது இருவரும் ஒரே மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஒன்றாக நடக்கப் போகிறார்கள். யார் முதலில் இளைத்தது என்று சண்டை போடுகிறார்கள். அவர் திருந்தியும்விட்டார். விருந்துகளில் அடுத்தவர் தட்டைப் பார்ப்பதேயில்லை. அதற்குப் பதில் தன் அடைப்பின் படத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடுகிறவர்களிடம் காட்டுகிறார்.

இவ்வளவையும் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு யாரோ ஓர் ஆள் ஞாபகத்துக்கு வந்திருப்பார். பெரியப்பாவோ, மேலதிகாரியோ. இதை அவருக்குக் கட்டாயம் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று முடிவும் செய்திருப்பீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அடுத்தவர் நெஞ்சின் மேல் எவ்வளவு அக்கறை. போகட்டும், நீங்கள் பரிசோதனைக்குப் போய் எவ்வளவு காலமாகிறது?

எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள் இல்லையா? இந்த வகையில் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவார்கள்.