அரை மணி நேரக் காதலர்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஞாபகமும் இப்போது சல்லடை.

மருமகள் போனில் காதல் கதைகள் எடுத்துத் தருகிறாள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவை, வீட்டாரை ஏமாற்ற ரெண்டு பேர் காதலர்களாக நடிக்கும் கதைகள். "எல்லாம் ஒரே கதைதான அத்தை, கடைசில நெசமாவே கல்யாணம் ஆயிரும்" என்று சிரிப்பாள். ஆகட்டுமே. நடிப்பு என்று ஆகிவிட்டால் கூச்சக்காரிக்கும் வாய் திறக்கும். (எனக்கும் ஒருமுறை திறந்தது. மூடியே வைத்திருக்கலாம்.)

அப்போது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் எனக்கு வேலை. சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாதாம். எனக்கோ அந்த வேலை உயிர். மறுத்துப் பேசத் தைரியம் இல்லாமல், தறி பழுது பார்க்கும் செல்லையாவிடம் போனேன். (அதுவரை அவரிடம் பேசியது "தறி நின்னுபோச்சு" மட்டும்தான்.)

"ஒரு நா மட்டும் என்னை விரும்புறதா எங்க வீட்டுல வந்து சொல்லுதியளா?"

இரக்கப்பட்டுச் சம்மதித்தார். பெண் பார்க்க வரும் நாளில், அவர்களுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, நான் இவியளத்தான் விரும்புதேன்" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன்.

அம்மா விளக்குமாற்றை எடுப்பாள் என்று பார்த்தால், விசாரணையை எடுத்தாள்.

"எந்த ஊருப்பா நீ?"

"சேத்தூரு."

"யாரு மகன்?"

"கிட்ணம்மா மகன்."

"எந்தக் கிட்ணம்மா? மகாராஜபுரத்துல பொறந்தவளா?"

"ஆமா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, பாவி மவளே! கிட்ணம்மா எங்க பெரியப்பா மவ, எனக்கு அக்கா. இவன் ஒனக்கு அண்ணன்ட்டி!"

என் காதலர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டும்!

"இவிய யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பொண்ணுக்கு அண்ணன்" என்றாள் அம்மா, பதறாமல்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கச்சி கல்யாணத்துக்குப் பொறவும் வேலைக்குப் போவா. சம்மதம்னா காப்பியக் குடிங்க."

மாப்பிள்ளை மட்டும் கையை நீட்டி டம்ளரை எடுத்தார்.

வேலையும் நிலைத்தது, மாப்பிள்ளையும் நிலைத்தார். (நடந்ததையெல்லாம் கல்யாணமான முதல் வாரமே அவரிடம் உளறிவிட்டேன்.) என் பிள்ளைகளை மடியில் வைத்துக் காது குத்தியதும் அண்ணன்தான். இன்றைக்கும் பொங்கல் சீரோடு அவர் வந்தால், என் வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கூவுவார்: "ஏட்டி, ஒன் காதலரு கரும்போட வந்திருக்காரு!"

அன்று அண்ணன் போட்டிருந்தது நீலச் சட்டை என்று ஞாபகம், பச்சையாகவும் இருக்கலாம். யாராவது சேத்தூர்ப் பக்கம் போனால் அவரிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவர் மனைவி, எங்கள் மதினி, பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். இந்தக் கதைக்கு மதினி ஒருவருக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.