பூரணமில்லாத் தையாக்கி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் நெடுங்காலம் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் அலுமினிய வார்ப்புத் தொழிற்சாலை. நாங்கள் 'புதுமைத் தையாக்கி'யைக் கண்டுபிடித்தோம். அதற்கென்று அமைத்த கமிட்டியின் உறுப்பினர்-செயலர், ஜகந்நாதன் என்கிற அடியேன். திருவள்ளூரில் பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். நான் மட்டும் வழி தவறி மனிதவளத் துறைக்கு வந்துவிட்டேன்.

இந்த மகத்தான திட்டம் ஒரு மயக்கத்தில் ஆரம்பித்தது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் மதிய ஷிப்டுக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளி அருணா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், சோனியா மிசினாண்ட மயங்கி உழுந்துட்டா."

"அடடா! மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"மிசினு நல்லாத்தான் கீது. அதுக்கு வேளாவேளைக்கு எண்ணெ ஊத்துறீங்க. எங்களுக்கு மதியத்துலேந்து ராத்திரி வரைக்கும் வெறும் டீ. சாயங்கால நாஷ்டாவுக்கு ரெண்டு போண்டா குடுங்க சார். வேற இன்னா கேட்டோம்?"

கோரிக்கையைப் பொது மேலாளர் வைகுந்த் சாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். சிந்திக்கிறார் என்று அர்த்தம்.

"போண்டாவில் என்ன விஷன் இருக்கிறது, ஜகந்நாதன்? அடுத்த மாதம் ஒசாகாவிலிருந்து நம் ஆலோசகர் மொரிட்டா வருகிறார். ஜப்பானியமாக ஏதாவது செய்வோம்."

போனைத் தடவி அவரே கண்டெடுத்தார். தையாக்கி! ஜப்பானியத் தெருவோரப் பலகாரம். மீன் வடிவ அச்சில் மாவை ஊற்றி, உள்ளே இனிப்புப் பயறுப் பூரணம் வைத்துச் சுடச்சுடத் தருவார்களாம். "தொழிலாளர் நலன், இருநாட்டு நல்லுறவு, இரண்டும் ஒரே அடுப்பில்!" என்றார். உடனே கமிட்டி பிறந்தது.

முதல் கூட்டத்திலேயே எனக்கு ஒரு நெருடல்.

"சார், மீன் சைவமில்லையே?"

"இது மீன் இல்லை, ஜகந்நாதன். மீன் 'வடிவம்'. உள்ளே பயறுதான்."

"பெருமாள் எடுத்ததும் மீன் வடிவம்தான் சார். அவரைக் கடிப்பேளா?"

மீன் ஒருமனதாக நீக்கப்பட்டு, கம்பெனிச் சின்னமான பல்சக்கரம் அதன் இடத்தில் அமர்த்தப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி பச்சையப்பன் எழுந்தார். சூடான பலகாரத்தால் 'நாக்கு விபத்து' நேரலாம் என்று எச்சரித்தார். எனவே நன்றாக ஆறவைத்த பிறகே வழங்குவது என்று தீர்மானம். மூன்றாவது கூட்டத்தில் நிதித்துறை ஸ்ரேயா கேட்டாள்:

"பூரணம் வெளியே தெரியுமா சார்?"

"தெரியாதே. உள்ளே அல்லவா இருக்கிறது?"

"கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு எப்படி சார் செலவு செய்ய முடியும்?"

இவ்வாறாக, பூரணம் இல்லாமலேயே திட்டம் பூரணமடைந்தது.

அச்சை எங்கள் தொழிற்சாலையிலேயே வார்த்துக்கொண்டோம். வார்த்தவர்கள் அருணாவும் சோனியாவும் அவர்கள் குழுவும், ஷிப்டு முடிந்த பிறகு. தங்கள் பலகாரத்துக்குத் தாங்களே அச்சு வார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இதற்கிடையே சோனியா இன்னொரு முறை மயங்கினாள். 'திட்டத்தின் அவசியத்தை உணர்த்தும் நிகழ்வு' என்று கமிட்டி அதை வரவேற்றது.

திறப்பு விழா அன்று மொரிட்டா ரிப்பன் வெட்டினார். முதல் தையாக்கியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீனைத் தேடியிருப்பார் போலும். கடித்தார். வைகுந்த் சார் கைதட்டினார். மொரிட்டா மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

மதிய ஷிப்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொன்று வழங்கப்பட்டது. சோனியா கடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம்.

"அக்கா, இத்த அடுப்புல சுட்டாங்களா, நம்ம மிசின்ல ஊத்துனாங்களா?"

அருணா நேராக என்னிடம் வந்து, தன் பங்கை என் உள்ளங்கையில் வைத்தாள். "அழகா கீது சார். ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் செவுத்துல மாட்டுங்க. எங்களுக்குப் பசிக்குது."

சோனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும். கேட்டுக்கு வெளியே முனுசாமியின் போண்டா வண்டி.

வைகுந்த் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஜகந்நாதன், இது வேலைநிறுத்தமா?"

"இல்லை சார். போண்டா."

"கேட்டைச் சாத்தச் சொல்லுங்கள்! அந்த அருணாவுக்கு நாளையிலிருந்து வேலை கிடையாது!"

"கேட்டைச் சாத்த முடியாது சார். மொரிட்டா வெளியே நிற்கிறார்."

ஓடிப்போய்ப் பார்த்தோம். சோனியாவுக்குப் பின்னால் பணிவாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார் ஆலோசகர்.

"நைனா, இவருக்கு மொதல்ல குடு," என்றாள் அருணா முனுசாமியிடம். "பாவம், மூஞ்சியே வாடிப் பூட்டுது."

சூடான போண்டா உள்ளே போனது. சட்னியின் காரத்தில் மொரிட்டாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு தன் போனில் ஏதோ பேசினார். போன் தமிழில் திருப்பிச் சொன்னது: "தயவுசெய்து இன்னும் தாருங்கள். காலையிலிருந்து எனக்கு மிகவும் பசி."

தலைமைப் பண்பு என்றால் என்னவென்று அப்போது கண்டேன். வைகுந்த் சார் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அறிவித்தார்: நாளை முதல் மதிய ஷிப்டில் எல்லாருக்கும் தலைக்கு இரண்டு போண்டா. போடுபவர் முனுசாமி. திட்டத்தின் பெயர், 'புதுமைத் தையாக்கி: இரண்டாம் கட்டம்'.

"அருணாவை என்ன செய்வது சார்?" என்று காதில் கேட்டேன்.

"எந்த அருணா? ஓ, நம் கமிட்டியின் களப் பிரதிநிதியா?"

சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் எங்களுக்கு 'மனிதநேய நிர்வாகம்' விருது கிடைத்தது. வைகுந்த் சார் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்க, தொகுப்பாளினி மைக்கை என்னிடம் நீட்டினாள். இவ்வளவு பெரிய சாதனை எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்டாள்.

"ரொம்பச் சுலபம் அம்மா," என்றேன். "ஆரம்பாக்கத்துப் பெண்ணுக்குப் பசிக்கிறது என்று எங்களுக்குப் புரிய வேண்டுமானால், ஒசாகாவிலிருந்து ஒருவர் வந்து பசியோடு நின்றால் போதும்."