அத்தை உட்காரவில்லை

தெரியாத வேலையில் கை வைத்துக் கெட்டவர்களை உலகம் மன்னித்துவிடும். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் கெட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தில்.

அது பஞ்சு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரிப் பஞ்சு தயாரிக்கும் ஓர் ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. டெக்ஸ்டைல் என்ஜினீயரிங் படித்தவள். காலையில் போனதும் ஒரு சின்னக் கம்பிக் கூடையில் பஞ்சை அடைத்துத் தண்ணீரில் போடுவேன். கையில் ஸ்டாப்வாட்ச். பத்து வினாடிக்குள் மூழ்கினால் நல்ல பஞ்சு, மிதந்தால் ரிஜெக்ட். (இதற்கா நாலு வருஷம் படித்தாய் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.)

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் ஒரு சின்ன ஸ்கூட்டர் இருக்கிறது. கூட வேலை பார்த்த ஓர் அக்கா கல்யாணமாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஓடுவதில் குறையில்லை, உட்காருவதில்தான் குறை. ஒரு வேகத்தடை ஏறினால் நம் முதுகெலும்பில் எத்தனை எலும்பு என்று எண்ணிவிடலாம். நான் எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள் என்பதால் நோட்டில் எழுதி வரிசையாகச் சரிபார்த்தேன். டயரில் காற்று, சரி. ஷாக் அப்சார்பர், சரி. மெக்கானிக் இரண்டு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, வண்டி நல்லாத்தான் இருக்கு, உங்க உடம்புலதான் சதை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன்.

நான் ஒருத்தி மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவரை பொறுத்துப் போனேன். பேச்சி அத்தை அதில் ஏற வேண்டிய நாள் வந்தபோதுதான் விஷயம் அவசரமானது.

பேச்சி அத்தை அப்பாவின் அக்கா. அப்பா ஒரு செருப்பு வாங்கினால்கூட அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவார். அப்படியிருக்க, அண்ணன் தன்னோடு வேலை பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர் கோமதியைத்தான் கட்டுவேன் என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டான். அத்தை இரண்டு வருஷம் அவனோடு பேசவில்லை. பிறகு யார் யாரோ சமாதானம் பேசி, "சரி, வாரேன். வந்து பூ வைக்கேன். ஆனா அந்த வீட்டைப் பாத்துட்டுத்தான் வைப்பேன்" என்கிற அளவுக்கு இறங்கி வந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் பூவை மாப்பிள்ளையின் அத்தைதான் வைக்க வேண்டும். அத்தை வைக்கவில்லையென்றால் கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எல்லோரும் காரில் போவதாக ஏற்பாடு. அத்தைக்கு மட்டும் கார் ஆகாது. கதவைச் சாத்தினாலே குமட்டும். பஸ்ஸில் பட்டுச்சேலை கசங்கும். ஆகவே என் வண்டி. அத்தைக்கோ இடுப்பு வலி. பன்னிரண்டு கிலோமீட்டர் அந்தக் கல் சீட்டில் போய் இறங்கினால் அவர் என்ன மனநிலையில் இறங்குவார், அண்ணன் கதி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறுப்பு முழுவதும் என் பின்சீட்டில் இருந்தது.

சீட்டைக் கழற்றி ரெக்சினைப் பிரித்தேன். உள்ளே ஸ்பாஞ்ச் பழைய ரொட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. பின்பக்கத்துப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சு அடைத்தேன். உறை கிழிந்ததால் விற்க முடியாத இரண்டு சுருள்களை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பஞ்சில் குறை ஏதும் இல்லை. நானே சோதித்தது. ஏழு வினாடியில் மூழ்கியது. ரெக்சினை இழுத்து, அடியில் வரிசையாகப் பின் அடித்து மூடினேன். உட்கார்ந்து பார்த்தால் அப்படியொரு சுகம். நோட்டில் 'பிரச்சினை தீர்ந்தது' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் அம்மா வண்டியைக் குளிப்பாட்டியிருந்தாள். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டியைக் கழுவாமல் எப்படி அனுப்புவது? ஹோஸ் போட்டு மேலும் கீழுமாக அடித்து, ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை. நான் துணியெடுத்துச் சீட்டைத் துடைத்தேன். ரெக்சின் பளபளவென்று, ஒரு துளி ஈரம் இல்லாமல் இருந்தது. (தையல் ஓட்டைகள் வழியாக உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று கேட்க வேண்டிய தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அப்போது தலை வாரிக்கொண்டிருந்தாள்.)

அத்தை பாக்கு நிறப் பட்டில் வந்து ஏறினார். புறப்பட்ட ஐந்தாவது நிமிஷம், "ஏட்டி, மெத்தை கணக்கா இருக்கே" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "சில்லுன்னும் இருக்கு" என்றார். பஞ்சு காற்றோட்டமான பொருள் அத்தை என்று விளக்கினேன். அதன் பிறகு அவர் பேசவில்லை. சுகத்தில் கண் அசந்துவிட்டார் போலிருக்கிறது என்று வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு தடையிலும் அத்தையின் எடை அந்தப் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

கோமதி வீட்டு வாசலில் கார் ஏற்கனவே வந்து நின்றிருந்தது. இரண்டு வீட்டு ஆட்களும் வெளியே வந்து வரவேற்கக் காத்திருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். அத்தை இறங்கவில்லை. என் காதுக்குள் சொன்னார்:

"ஏட்டி, நனைஞ்சு போச்சு. எல்லாம் நனைஞ்சு போச்சு. வாயைத் தொறந்து யார்கிட்டயாவது சொன்னே, பொறவு இருக்கு ஒனக்கு."

அத்தை இறங்கியதும் பார்த்தேன். பாக்கு நிறப் பட்டில், பின்பக்கம், தாம்பாளம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

அத்தை யாருக்கும் முதுகைக் காட்டாமல், எல்லோரையும் முன்னால் போகவிட்டு, கடைசியாக உள்ளே நுழைந்தார். நேராகப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். கோமதியின் அப்பா புது சோபாவைக் காட்டி உட்காரச் சொன்னார். "இருக்கட்டும், நிக்கேன்." மறுபடி சொன்னார். மறுபடி அதே பதில். கோமதியின் அம்மா காப்பி கொண்டுவந்தார். அத்தையின் ஒரு கை முந்தானையைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது, இன்னொன்றில் பூப்பை. காப்பியும் வேண்டாம் என்றார்.

பெண் வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை உட்காரவும் மாட்டேன், வாயும் நனைக்க மாட்டேன் என்றால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். சம்பந்தம் பிடிக்கவில்லை. கோமதியின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், அதில் வியர்வையே இல்லை. அப்பா தரையைப் பார்த்தார். உள்ளே கதவோரம் நின்ற கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். இரண்டு வருஷத்தையும் அந்த ஒரு பார்வையில் வைத்திருந்தான்.

என் முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, அத்தையின் மானம். இரண்டு, அண்ணனின் கல்யாணம். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"அத்தைக்கு உங்களைப் பிடிக்கலைன்னு நினைக்காதீங்க. அவிய சேலை ஈரம். என் வண்டி சீட்டுல ஆஸ்பத்திரிப் பஞ்சு வச்சிருந்தேன். அம்மா வண்டியக் கழுவிட்டா. அது அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சிட்டு, வழி பூரா அத்தை மேல விட்டுருச்சு."

கோமதியின் அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஆஸ்பத்திரிப் பஞ்சு தண்ணி குடிக்கும்னு தெரியாதா தாயி?"

"தெரியும்" என்றேன். "அதைச் சோதிக்கதுதான் என் வேலை."

கூடத்தில் ஒரு சத்தமில்லை. எத்தனை வினாடி என்று எண்ணியிருந்தால் நான் மிதந்தேனா மூழ்கினேனா என்று தெரிந்திருக்கும். முதலில் சிரித்தது கோமதி. அடக்கப் பார்த்து, முடியாமல், கலங்கின கண்ணோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

"சிரிக்கட்டும்" என்றார் அத்தை. "செத்த நேரம் முன்னாடி அழுதுக்கிட்டுல்ல நின்னா."

கோமதியின் அம்மா, "மதினி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். திரும்பி வரும்போது அத்தை அந்த வீட்டு நூல் சேலையில் இருந்தார். புது சோபாவின் நட்டநடுவில் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு காப்பி குடித்தார். பிறகு எழுந்து கோமதியின் தலையில் பூ வைத்தார். அப்பா நம்ப முடியாமல், அப்போ சம்மதம்தானே அக்கா என்று கேட்டதற்கு வந்த பதில் இது:

"இந்த வீட்டுச் சேலையக் கட்டிட்டேன்லடா. இனி வேண்டாம்னு சொன்னா இங்கயே அவுத்துக் குடுத்துட்டுல்ல போகணும்."

கல்யாணம் நன்றாக நடந்தது. கோமதி மதினி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நூல் சேலையை அத்தை இதுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. வண்டியைச் சீட் கடையில் கொடுத்துப் புது ஸ்பாஞ்ச் போட்டேன். முதல் மாதம் மட்டும் மெத்தென்று இருந்தது, பிறகு பழைய கல்லாகிவிட்டது. அத்தை இப்போதும் அதில்தான் வருகிறார், ஏறுவதற்கு முன் சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டால், "கல்லுன்னாலும் காஞ்ச கல்லு" என்கிறார். வீட்டில் எல்லாவற்றுக்கும் இப்போது அதுதான் பழமொழி. கறாரான ஹவுஸ் ஓனருக்கு, சிடுசிடுக்கும் டாக்டருக்கு, என் சமையலுக்கு.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போன வாரம் தளவாய்புரத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பையனை நேரில் பார்த்துவிட்டு வந்த அப்பா, அவன் பேச்சும் குணமும் பஞ்சு மாதிரி என்று ஒரு மணி நேரம் புகழ்ந்தார். அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, தண்ணியில போட்டுப் பாத்துட்டு சொல்லு."